கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு

"பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும்" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். "பேர் சொல்லும் பிழை வேண்டும்" என்கிறோம் நாங்கள். அச்சுக் கோத்தவர் தவறு என்று எண்ணிவிடாதீர்கள், அன்புத் தோழியரே! பிழை என்றுதான் எழுதியிருக்கிறோம். இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பும்போது, ஏதேனும் விடுபட்டிருந்தால் சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி தோன்றுகிறதல்லவா? அந்தச் செய்தி, எந்தக் கட்டத்தில் பிழை என்பதை நமக்குத் தெரிந்த பெயரால் சொல்லவேண்டும். கணினிக்கு மட்டும் தெரிந்த பெயரால் சொல்லக்கூடாது. இதுவே எங்கள் கருத்து.

"இதுவும் ஒரு பொருளா? ஆண்டு மலரில் எழுத வேறொன்றும் கிடைக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் வரை நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

ஒரு தாயின் ஒரு நாள் கூலி

அன்று எங்கள் பள்ளிக் கணினி அறையில் உதவித்தொகை விண்ணப்பங்கள் நிரப்பும் பணி நடந்துகொண்டிருந்தது. இணையத்தில் நிரப்பத் தெரியாத பெற்றோருக்கு உதவுமாறு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களைச் சிஸ்டர் பணித்திருந்தார்கள். எங்கள் தோழி ஒருத்தியின் தாயார், தையல் வேலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். தோழிக்குத் தந்தை இல்லை. அவளுக்குக் கீழே இரண்டு தங்கையர். அந்த உதவித்தொகை அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதை நாங்கள் அறிவோம்.

ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். பெயர், பிறந்த தேதி, முகவரி, வங்கிக் கணக்கு எண், தாயார் தொழில், உடன்பிறந்தோர் விவரம் என எல்லாம் முடித்து, 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினோம். பக்கம் மீண்டும் மேலே போய் நின்றது. இரண்டு சிவப்பு வரிகள் ஆங்கிலத்தில் தோன்றின. முதல் வரி, 'ஜி_ஆக்' என்ற புலம் கட்டாயம் என்றது. இரண்டாம் வரி, 'சிப்.1.ஏஜ்' என்பது எண்ணாக இருக்கவேண்டும் என்றது. எந்தக் கட்டத்தின் அருகிலும் ஓர் அடையாளமும் இல்லை.

அந்தத் தாயாரின் முகம் வாடிப்போயிற்று. "நான்தான் எதையோ தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கு, கண்ணுங்களா. என் பேரை வேணும்னா மாத்திப் போட்டுப் பாருங்க" என்றார்கள். சரியாக இருந்த பெயரை மாற்றினோம். சரியாக இருந்த பிறந்த தேதியை அழித்து மறுபடியும் எழுதினோம். முதல் தங்கையின் வயதையும் திருத்தினோம். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வரிகள்! கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி அந்தத் தளமே எங்களை வெளியே தள்ளிவிட்டது. நிரப்பியதெல்லாம் மறைந்தது. கணினி அறை பூட்டும் நேரமும் வந்தது.

திங்கட்கிழமைதான் கடைசி நாள். அன்று அந்தத் தாயார் முழு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் கணினி ஆசிரியை அருகில் அமர்ந்து புதிரை அவிழ்த்தார்கள். 'ஜி' என்றால் பாதுகாவலர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 'ஆக்' என்றால் தொழில். தாய் தந்தை இருவரும் இல்லாதவர்களுக்குத்தான் அந்தக் கட்டம் என்று எண்ணி நாங்கள் அதை விட்டிருந்தோம். 'சிப்' என்றால் உடன்பிறந்தோர். கணினியோ ஒன்றிலிருந்து எண்ணுவதில்லை, சுழியத்திலிருந்து எண்ணுகிறது. ஆகவே '1' என்றது முதல் தங்கையை அன்று, இரண்டாம் தங்கையை! அந்த வரிசையில் '8' என்று எழுதாமல் '8 வயது' என்று எழுதியிருந்தோம். இரண்டையும் திருத்த இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை.

இப்போது சொல்லுங்கள். "பாதுகாவலரின் தொழில் என்ற கட்டம் காலியாக உள்ளது. இரண்டாவது உடன்பிறந்தவரின் வயதை எண்ணால் மட்டும் எழுதுங்கள்" என்று அந்தச் செய்தி சொல்லியிருந்தால், ஒரு தாயின் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்காதா? அதைவிட, தவறு செய்யாத ஒருவர் தாம் தவறு செய்துவிட்டதாகக் கூனிக் குறுகி நின்றாரே, அந்த நிலை வந்திருக்காதல்லவா?

இந்தப் புதிர்ப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன?

யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை. இணையப் பக்கத்தில் படிவங்கள் வைக்கும் முறை, 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 என்னும் தரத்திலேயே இடம்பெற்றுவிட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே ஒரு பெயர் வைக்கவேண்டும் என்பது அதன் விதி. நிரல் எழுதுபவர் அந்தப் பெயரைச் சுருக்கமாகவும் இடைவெளி இல்லாமலும் வைத்துக்கொள்கிறார். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இடுகிறார். விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளத்திலும் பெரும்பாலும் அதே சுருக்கப் பெயர்தான். இது அவருடைய வசதி. அதில் தவறில்லை.

நம் கண்ணுக்குத் தெரியும் பெயர் வேறு. கட்டத்தின் அருகே 'பிறந்த தேதி' என்று எழுதியிருக்கிறதே, அதற்குப் பெயர்ப்பட்டை என்று பொருள்படும் 'லேபிள்' என்ற தனி உறுப்பு 1997 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.0 வந்தபோது கிடைத்தது. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் வீட்டுப் பெயர் ஒன்று, வெளிப் பெயர் ஒன்று என இரண்டு பெயர்கள்!

நாம் எழுதியது சரிதானா என்று பார்க்கும் வேலை இரண்டு இடங்களில் நடக்கும். ஒன்று, நம் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள உலாவியில். அது பெரும்பாலும் குறையுள்ள கட்டத்தின் அருகிலேயே வந்து நின்று சொல்லிவிடும். மற்றொன்று, தொலைவில் உள்ள சர்வரில். சர்வர் ஒரு செய்திப் பட்டியலைத் திருப்பி அனுப்பும். அது படிவத்தின் உச்சியில் மொத்தமாகத் தோன்றினால், கட்டத்துக்கும் செய்திக்கும் நடுவே பெரும் தொலைவு ஏற்பட்டுவிடுகிறது. அந்தத் தொலைவைக் கடக்க நமக்குள்ள ஒரே பாலம் பெயர்தான். அந்த இடத்தில் வெளிப் பெயரைச் சொல்லாமல் வீட்டுப் பெயரைச் சொன்னால், பாலம் பாதியில் உடைந்த கதைதான்!

நம் வகுப்பறையையே எண்ணிப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் நமக்கு ஓர் எண் உண்டு. ஆனால் நம் கணக்கில் ஒரு பிழையைக் காட்டித் திருத்த வேண்டுமானால், வகுப்பாசிரியை நம்மைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். எண் பதிவேட்டின் வசதிக்கு. பெயர் நம் மதிப்புக்கு. கட்டங்களின் சுருக்கப் பெயரும் பதிவேட்டு எண் போன்றதே. அது உள்ளே இருக்கட்டும். வெளியே வந்து நம்மை அதட்ட வேண்டாம்.

நாங்களும் குற்றவாளிகளே

இத்துடன் நிறுத்தியிருந்தால் நாங்கள் பிறரைக் குறை சொல்வதில் மட்டும் வல்லவர்கள் ஆகியிருப்போம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்.

பழைய மாணவியர் கூட்டத்துக்குப் பெயர் பதிவு செய்ய, எங்கள் வகுப்பில் நால்வர் கணினி ஆசிரியையின் துணையுடன் ஒரு படிவம் செய்தோம். ஒன்பதே கட்டங்கள்தாம். 2011-இல் டெய்லர் ஆட்வெல் என்பவர் வெளியிட்ட லாராவெல் என்னும் கருவியைப் பயன்படுத்தினோம். அதிலுள்ள ஆங்கிலப் பிழைச் செய்திகளைத் தமிழாக்கி வைத்தோம். மார் தட்டிக்கொண்டோம்.

எங்கள் கன்னியர் இல்லத்தில் உள்ள வயது முதிர்ந்த சிஸ்டர் ஒருவர் இப்பள்ளியின் பழைய மாணவி. முதலில் அவர்களே நிரப்பட்டும் என்று அழைத்து வந்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாக நிரப்பினார்கள். அனுப்பியதும் சிவப்பில் ஒரு வரி வந்தது: 'யோப் கட்டாயம் தேவை.'

சிஸ்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். "யோபுவா? விவிலியத்தில் வருகிற யோபுவா? அவர் எதற்கு இங்கே கட்டாயம் தேவை?" என்று கேட்டார்கள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. படிப்பை முடித்த ஆண்டு என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, 'யோப்' என்று நாங்கள்தாம் உள்ளே பெயர் வைத்திருந்தோம். "யோபு பொறுமைக்குப் பெயர் போனவர். உங்கள் படிவத்தை நிரப்பினால் அவரும் பொறுமை இழந்துவிடுவார்!" என்று சிஸ்டர் சொன்னபோது கணினி அறையே சிரித்தது. அந்தத் தையல் வேலை செய்யும் தாயாருக்கு முன் யாரோ செய்த அதே பிழையை, சில வாரங்களுக்குள் நாங்களே ஒரு முதியவருக்கு முன் செய்திருந்தோம். பிறர் கண்ணில் துரும்பைக் கண்டவர்கள் எங்கள் கண்ணில் இருந்ததைக் காணவில்லை.

திருத்துவது கடினமா? இல்லவே இல்லை. லாராவெலில் பிழைச் செய்திகள் உள்ள கோப்பிலேயே, உள்ளே இருக்கும் பெயருக்கு எதிரே மக்களுக்குச் சொல்லவேண்டிய பெயரை எழுதிவைக்க ஒரு பட்டியல் இருக்கிறது. 2006-இல் வந்த கோடுஇக்னைட்டர் என்ற கருவியில், ஒவ்வொரு விதியை எழுதும்போதும் இரண்டாவதாகக் கேட்பதே மனிதருக்குப் புரியும் பெயரைத்தான். 2005-இல் வெளியான ஜாங்கோவிலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர்ப்பட்டை எழுத இடம் உண்டு. கருவிகளைச் செய்தவர்கள் மறக்கவில்லை. பயன்படுத்தும் நாம்தான் மறக்கிறோம்.

தமிழம்மா திருத்திய விடைத்தாள்

ஒன்பது கட்டங்களுக்கும் நல்ல பெயர் எழுதினோம். செய்தியை, பெயருக்குப் பின்னே 'ஐ நிரப்பவும்' என்று வருமாறு வைத்தோம். என்ன ஆயிற்று தெரியுமா? 'ஆண்டுஐ நிரப்பவும்', 'மாவட்டம்ஐ நிரப்பவும்', 'தேதிஐ நிரப்பவும்' என்று வந்து நின்றது! தமிழம்மாவிடம் காட்டினோம். சிவப்பு மையை எடுத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பெரும்பாலும் உருமாறாமல் வாக்கியத்தில் அமர்ந்துவிடும். தமிழில் அப்படியா? 'ஆண்டு' என்பது 'ஆண்டை' ஆகும். 'மாவட்டம்' இடையில் அத்துச் சாரியை பெற்று 'மாவட்டத்தை' ஆகும். 'தேதி' யகர உடம்படுமெய் பெற்றுத் 'தேதியை' ஆகும். 'வீடு' என்றால் ஒற்று இரட்டித்து 'வீட்டை' ஆகும். இலக்கண வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் புணர்ச்சி விதிகள் கணினி அறையிலும் நம்மை விடுவதில்லை! ஒரே அச்சில் எல்லாப் பெயரையும் வார்த்துவிடலாம் என்று எண்ணுவது தமிழுக்கு ஒத்துவராது.

இதற்கு இரண்டு வழிகளைத் தமிழம்மாவும் கணினி ஆசிரியையும் சேர்ந்து காட்டினார்கள். பெயரை வேற்றுமை உருபு இல்லாமல் தனியே நிறுத்தி, 'மாவட்டம்: இந்தக் கட்டம் காலியாக உள்ளது' என்று எழுதலாம். அல்லது ஒவ்வொரு கட்டத்துக்கும் முழு வாக்கியத்தையே எழுதிவிடலாம். எங்களிடம் ஒன்பது கட்டங்களே இருந்ததால் இரண்டாம் வழியைத் தேர்ந்தோம். இப்போது எங்கள் படிவம், "நீங்கள் பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதுங்கள்" என்று பணிவாகக் கேட்கிறது. யோபு ஓய்வு பெற்றுவிட்டார்.

சில மறுப்புகளும் எங்கள் விடையும்

"கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்வார்களே" என்பர் சிலர். ஊகிக்கத் தெரிந்தவர்களுக்கு உதவித்தொகைப் படிவம் எந்நாளும் சுமையாக இருந்ததில்லை. ஊகிக்க முடியாதவர்களுக்காகத்தான் அந்தச் செய்தியே.

"குறையுள்ள கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டால் போதாதா?" என்பர் வேறு சிலர். நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்கள் இருக்கிறார்கள். பார்வையற்றவர்கள் இருக்கிறார்கள். பார்வையற்றோர் திரையில் உள்ளதைக் குரலாகக் கேட்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்ற அத்தகைய மென்பொருளை 2006-இல் தொடங்கிய மைக்கேல் கர்ரன் என்னும் ஆஸ்திரேலியரே பார்வையற்றவர்தாம். சிவப்புக் கோடு அவர்கள் காதில் விழுமா? 'ஜி_ஆக்' என்று குரல் வாசித்தால்தான் என்ன பொருள் விளங்கும்?

இது எங்கள் வகுப்பின் கண்டுபிடிப்பு அன்று. ஜேக்கப் நீல்சன் என்ற அறிஞர் 1994-இல் வகுத்த பத்து நெறிகளில் ஒன்று, பிழைச் செய்தி குறியீடுகள் இல்லாத எளிய மொழியில் அமைந்து, குறை எது என்று துல்லியமாகச் சுட்டி, தீர்வையும் சொல்லவேண்டும் என்பதாகும். உலகளாவிய இணையத்துக்குத் தரங்களை வகுக்கும் டபிள்யூ.3.சி. என்ற அமைப்பு, யாவரும் பயன்படுத்தத்தக்க தளங்களுக்கான வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பை 2008 டிசம்பர் 11 அன்று வெளியிட்டது. எந்த இடத்தில் பிழை என்று அடையாளம் காட்டி, அதை எழுத்தால் விளக்கவேண்டும் என்பது அதன் அடிப்படைப் படியிலேயே உள்ள விதி. அதற்கு அடுத்த படி, எப்படித் திருத்துவது என்றும் சொல்லச் சொல்கிறது.

"எளிய பெயர்தான் வைத்திருக்கிறோமே" என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். எளிமை மட்டும் போதாது. பெயர் ஒன்றாக இருக்கவேண்டும். கட்டத்தின் அருகே 'பெற்றோர் கைப்பேசி எண்' என்று எழுதிவிட்டு, பிழைச் செய்தியில் 'தொடர்பு எண் சரியில்லை' என்றால், நிரப்புபவர் தொடர்பு எண் என்ற கட்டத்தைத் தேடிக்கொண்டே இருப்பார். படிவத்தில் எந்தப் பெயரோ, பிழைச் செய்தியிலும் அதே பெயர், எழுத்து மாறாமல் வரவேண்டும்.

பெயரைச் சொன்ன பிறகு, குறையையும் சொல்லிவிட வேண்டும். கைப்பேசி எண்ணுக்கு 10 இலக்கங்கள், அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு 6, ஆதார் எண்ணுக்கு 12. 'செல்லாது' என்று ஒரே சொல்லில் அடித்துச் சொல்வதைவிட, "அஞ்சல் குறியீட்டு எண்ணில் 6 இலக்கங்கள் இருக்கவேண்டும், நீங்கள் 5 எழுதியிருக்கிறீர்கள்" என்று சொல்வது எவ்வளவு இதமானது! நம் ஆசிரியைகள் விடைத்தாளின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவதில்லையே. எந்த வரியில், எந்தச் சொல்லில் பிழை என்று ஓரத்தில் எழுதித்தானே தருகிறார்கள்?

நாம் என்ன செய்யலாம்?

தோழியரே, நம்மில் பலர் நாளை நிரல் எழுதப் போகிறோம். நாம் எழுதும் படிவங்களின் முன் நாம் அமர்ந்திருக்கப் போவதில்லை. கூலியை விட்டுவிட்டு வந்த தாயோ, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் பாட்டியோதான் அமர்ந்திருப்பார். ஆகவே ஒரு படிவத்தைச் செய்து முடித்தவுடன், எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டு ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். வரும் செய்திகளை உரக்கப் படியுங்கள். வீட்டில் அம்மாவுக்குப் புரிகிறதா என்று கேளுங்கள். புரியாத ஒவ்வொரு வரியும் நம் பிழையே அன்றி அம்மாவின் பிழை அன்று.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். சிவப்பு எழுத்தைக் கண்டவுடன் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். உங்களுக்குப் புரியாத பெயரைச் சொல்லி உங்களைக் குறை கூறும் படிவம்தான் திருந்த வேண்டியது. சரியாக எழுதியதை அழிக்கவும் வேண்டாம். அருகில் இருப்பவரைக் கேளுங்கள், எங்களைக் கேளுங்கள்.

பழைய மாணவியர் கூட்டத்துக்கு அந்தச் சிஸ்டர் எல்லாருக்கும் முன்னதாக வந்து முன்வரிசையில் அமர்ந்தார்கள். எங்களைக் கண்டதும், "யோபு சௌக்கியமா?" என்று கேட்டார்கள். எங்கள் தோழிக்கு உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக் கூலியை அவள் தாயாருக்கு யார் திருப்பித் தருவார்கள்? அதை எண்ணித்தான் இதை எழுதினோம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி